ஏரிக்கரைக்கு இருபது மார்க்

ஏரிக்கரையை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்துகிறார் ஜம்புலிங்கம். பிறகு பால்பவுடர் டப்பாவில் கடல் தண்ணீரை மொண்டு வந்து ஏரிக்குள் ஊற்றுகிறார். மணல் குடித்துவிடுகிறது. இன்னொரு டப்பா ஊற்றுகிறார், அதையும் குடிக்கிறது. "குடி, குடி. எவ்ளோதான் குடிப்பே, பாத்துடறேன்" என்று மணலிடம் சொல்லிவிட்டு மூன்றாம் நடைக்குக் கிளம்புகிறார். கடைசியில்தான் ஏரிக்கு அடியில் ஒரு ரெக்சின் துண்டைப் போட வேண்டும் என்ற ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஞாபகம் மூன்று டப்பாவுக்குப் பிறகுதான் வரும்.

இடம் கேம்பல் பே கடற்கரை. கிரேட் நிக்கோபாரில் காட்டை வெட்டி, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு சர்க்கார் நிலம் கொடுத்திருக்கிறது. பஞ்சாபி, மராட்டி, மலையாளி, தமிழர் என்று எல்லா வகையும் உண்டு. சாப்பர்ஸ் பிரிவில் பாலம் கட்டியும் பாதை போட்டும் ஹவில்தாராக வெளியே வந்த ஜம்புலிங்கமும் அப்படி வந்தவர்தான். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சீட்டு ஆடுவார்கள், மீன் பிடிப்பார்கள். இவர் மணலில் வந்தவாசியைக் கட்டுவார். கோட்டை, ஏரி, மேடு, வெடிமருந்து வண்டி நிற்கும் இடம், ஒன்றும் பாக்கி இருக்காது. "ஊர்ல எல்லாரும் தென்னங்கன்னு வெக்கறாங்க. இவரு ஏரிக்கரை வெக்கறாரு" என்பது அவர் மனைவி விசாலாட்சியின் கணக்கெடுப்பு.

1760-இல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் வந்தவாசியில் மோதினார்கள் அல்லவா, அந்தச் சண்டைதான் ஆட்டம். இங்கிலீஷ்காரனுக்குப் பாக்கு, பிரெஞ்சுக்காரனுக்குச் சின்னச் சின்னச் சங்கு. ஒரு முறைக்கு ஒரு சாண் நகரலாம், சுடுவதற்குப் பகடை. பக்கத்து மராட்டியர் ஒருவர் பானிபட் கட்டச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். "பானிபட்டுக்கு நான் போனதில்லப்பா. பாக்காத ஊர்ல எப்டி சண்டை போடறது?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். வந்தவாசிப் பக்கத்துக்காரர், அந்த ஏரியில் எருமை குளிப்பாட்டியவர். சரித்திரத்தில் பிரெஞ்சுக்காரன் தோற்றுப்போனான். ஆனாலும் ஜம்புலிங்கம் எப்போதும் சங்குப் பக்கம்தான். "ஜெயிச்சவன் பக்கம் நின்னு ஜெயிக்கறது ஒரு ஜெயிப்பா? தோத்தவன் பக்கம் நின்னு ஜெயிச்சுக் காட்டணும். அதான் பக்கா." அப்படித்தான் நாலு வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தின் உயிர் மார்க்குப் பலகையில் இருக்கிறது. ரேஷன் பெட்டியை உடைத்து எடுத்த பலகை. தென்னை மரத்தில் ஒற்றை ஆணியில் தொங்குகிறது. அதில் கறுப்புப் பெயிண்டில் நாலே வரி. எதிரி ஆள் ஒன்றுக்கு 1. காயம்பட்ட ஆளைத் தூக்கி வந்தால் 5. வெடிமருந்து வண்டிக்கு 10. பொழுது சாயும்போது ஏரிக்கரையில் யாருக்கு ஆள் அதிகமோ அவர்களுக்கு 20. சமமாக இருந்தால் யாருக்கும் இல்லை.

ஆளைக் கொன்றால் ஒரே ஒரு மார்க்கா என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அவர் ஏரியைக் காட்டுவார். விஷயம் இதுதான். அறுபத்தைந்து பாகிஸ்தான் சண்டையில் வடக்கே ஒரு குன்றை ஏறிப் பிடித்தார்கள். குன்றின் மேல் சொட்டுத் தண்ணீர் இல்லை. கீழே ஓடை எதிரி கையில். கண்ணையா என்று ஒரு சிநேகிதன், தொடையில் குண்டு பட்டவன், தண்ணீர் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தான். மூன்றாம் நாள் குன்றை விட்டு இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. இறங்கி வந்தவர்களிடம் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, அந்தப் பக்கம் எத்தனை பேர் செத்தார்கள் என்பது. "இன்னிக்கு நெனச்சாலும் வயிறு எரியுது. தண்ணி இருந்துதான்னு ஒருத்தன் கேக்கல" என்று விசாலாட்சியிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அந்த எரிச்சலைத்தான் நாலு வரியாகப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்.

நிஜச் சண்டை நடந்தது ஜனவரி இருபத்திரண்டு. வருஷா வருஷம் அன்றைக்குப் பெரிய ஆட்டம். அதில் ஜெயிக்கிறவர் பலகையில் ஒரு வரியை மாற்றலாம். இந்த விதியைப் போட்டவரும் அவரேதான். தன்னை ஜெயிக்க ஆள் ஏது என்கிற தைரியம்! இந்த வருஷம் எதிரே உட்கார்ந்தவன் கோவிந்தராஜ். பீரங்கிப் படையில் நாயக்காக இருந்தவன், ஆரணிக்காரன், பத்து வயது இளையவன். மூன்று மாதமாக ஒரே பாட்டு. "சாப், சண்டைன்னா சண்டை. ஆளுக்குப் பத்து போடுங்க. இல்லன்னா எதுக்கு பீரங்கி? நான் ஜெயிச்சா மொதல் வேலை அதான்."

"ஜெயி. அப்பறம் பேசு" என்றார் ஜம்புலிங்கம்.

மத்தியானம் தொடங்கிய ஆட்டம். கோவிந்தராஜ் வாயால்தான் பீரங்கி. கையால் கருமியாக ஆடினான். ஆறே ஆளைத்தான் வீழ்த்தினான். ஆனால் வண்டியைப் பிடித்தான். காயம்பட்ட மூன்று பாக்கைப் பத்திரமாகப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பதினைந்து வாங்கினான். ஆகமொத்தம் முப்பத்தொன்று. ஜம்புலிங்கம் இருபத்தேழில் நின்றார். நாலு மார்க் பின்னால் இருந்தும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. ஏரிக்கரை பாக்கி இருக்கிறதே!

இந்தத் தீவில் ஐந்து மணிக்கு முன்பே வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். நிழல் மணலைத் தொட்டதும் மார்க் எண்ணும் கர்னைல் சிங் "பஸ்! கதம்!" என்று கை தட்டி ஆட்டத்தை முடித்தார். குனிந்து கரையை எண்ணினார். பாக்கு மூன்று. சங்கு நான்கு. "ஜம்புலிங்கம் சாப் ஜீத் கயா!" என்று தாடி குலுங்க வெற்றியை அறிவித்தார். கூட்டம் கத்தியது. கோவிந்தராஜ் பகடையைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜம்புலிங்கம் மட்டும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சங்கு அவர் வைத்தது. நான்காவது? மேட்டுக்குப் பின்னால் இரண்டு சாண் தள்ளி நிறுத்தியிருந்த ஆள். அதை அவர் தொடவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை, கோவிந்தராஜ்கூடக் கவனிக்கவில்லை. பேசாமல் எழுந்து போனால் இருபது மார்க் அவருக்கு. பலகை இன்னொரு வருஷம் தப்பிக்கும். கண்ணையாவுக்காக எழுதிய வரி தப்பிக்கும்.

புதிதாகப் பொறுக்கும் சங்கை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் பட்டாளத்தில் சேர்ப்பார். அன்று காலை போர்ட் பிளேரிலிருந்து கப்பல் வந்துவிட்டது. சாமான் இறக்க ஜெட்டிக்கு ஓடியதில், குறைந்த ஆளுக்குப் பதிலாகப் பொறுக்கிய ஐந்து சங்கை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"டஹரோ, சர்தார்ஜி, கொஞ்சம் இருங்க" என்றார். நான்காவது சங்கை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியில் ஊதுவதுபோலச் சூடாக ஊதினார். சங்குக்குள்ளிருந்து மெல்ல ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று. குடியிருந்த நண்டு தலையை நீட்டி ஊரைப் பார்த்தது.

"இவன் என் ஆளு இல்லப்பா. தண்ணியப் பாத்துட்டு தானா நடந்து வந்திருக்கான். ஆர்டர் இல்லாம வந்தவனுக்கு மார்க் கெடையாது. கரையில மூணுக்கு மூணு. யாருக்கும் இல்ல. கோவிந்தராஜ் முப்பத்தொண்ணு, நான் இருபத்தேழு."

கர்னைல் சிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். "அடப்பாவி மனுஷா, வாய மூடிக்கினு இருந்தா இன்னா?" என்றாள் விசாலாட்சி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குத்தான் அந்தக் குன்றுக் கதை தெரியும்.

ஜம்புலிங்கம் வீட்டுக்குள் போய் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்து கோவிந்தராஜ் கையில் கொடுத்தார். அவன் கூச்சப்பட்டான். "அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம் சாப்…"

"விதின்னா விதி. எழுது. ஒரு வருஷம் இருக்கட்டும். காயம் பட்டவன மூணு தடவ தூக்கினு வந்தே பாரு, அந்தக் கை இதை ரொம்ப நாள் விட்டுவெக்காது. நீயே வந்து மாத்துவே."

"மாத்த மாட்டேன் சாப்" என்றான் கோவிந்தராஜ், பிடிவாதமாக. முதல் வரியில் இருந்த ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டான். பெயிண்ட் அதிகம் தோய்த்துவிட்டான். சைபரின் அடியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து, காயம்பட்டவனுக்கான ஐந்தை நோக்கி இறங்கியது.

பலகை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஜம்புலிங்கம் கட்டைவிரலால் அந்தச் சொட்டைத் துடைத்தார். புதிய சைபர் கலையாமல், மெதுவாக.