பூரிக்குச் சீனி

போன வாரம் ராமநாதபுரம் பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் ஓட்டலில் சாப்பிட்டேன். ஓட்டல் என்றால் அவர்களுக்குக் கோபம் வரும், ரெஸ்டாரண்ட். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரெல்லாம் பிளாஸ்டிக் செடி. மேசைமேல் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் போனில் பிடித்தால் இட்லி, தோசையெல்லாம் வரிசையாக வருமாம். எனக்கு ஒன்றும் வரவில்லை. "என்னய்யா இருக்கு?" என்று வாய்விட்டே கேட்டேன். "எல்லாம் அதுல இருக்கு சார்" என்றார் பரிமாறுகிறவர். சரிதான் என்று ஒரு தோசையைச் சொல்லித் தின்று முடித்தேன். எழுந்திருக்கும்போது அவர் கேட்டார், "பார்சல் எதும் இருக்கா சார்?"

"ரெண்டு பூரி. சீனி தனியா மடிச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் பூரி தின்பதில்லை. வீட்டுக்காரிக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. பிள்ளைகள் இருவரும் சென்னையில். யாருக்கு இந்தப் பூரி? வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. சீனி மடித்துக் கொடுப்பதில்லையாம். டீக்கு வைத்திருக்கும் இரண்டு சின்னப் பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக் கொடுத்தார், பாவம். வாங்கிக்கொண்டு வெளியே வந்து வண்டிமேல் உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை.

நான் கிரைண்டர் மெக்கானிக். வீட்டுக் கிரைண்டர் அல்ல. ஓட்டல்களில் அண்டா அளவுக்கு நிற்குமே, அது. இருபத்தாறு வருஷமாகப் பரமக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை அதைத்தான் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் ஓட்டலுக்குள் முன்வாசல் வழியாக நுழைவார்கள், நான் பின்வாசல். எல்லாருக்கும் மூக்கு முதலில் வேலை செய்யும், எனக்குக் காது. உளுந்து ஓடும் சத்தத்தைக் கேட்டாலே நாளைக்கு அங்கே வடை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவேன். பெருமை பீற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள், பீற்றிக்கொள்ள என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பைபாஸ் ஓட்டலில் கிரைண்டர் சத்தமே இல்லை. மாவு எங்கிருந்தோ டிரம்மில் வருகிறது போல.

ரிப்பேர் முடிந்ததும் சாப்பிடாமல் அனுப்புகிற ஓட்டல் அந்தக் காலத்தில் கிடையாது. கீழக்கரையில் ஒரு பாய் கடை இருந்தது. மோட்டார் மறுபடி சுற்ற ஆரம்பித்ததும் "மாஷா அல்லா" என்பார். அடுத்த நிமிஷம் நெய்ச்சோறும் தாளிச்சாவும் முன்னால் இருக்கும். "கிரீஸ் கையைக் கழுவிட்டு உக்காருங்க தம்பி, கறிக்கு உங்க கிரீஸ் வேணாம்" என்பார். மண்டபத்தில் அகதி முகாமுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா, இலங்கையிலிருந்து வந்தவர், ஓலைக் கொட்டகையில் புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் போடுவார். அவரிடம் கிரைண்டரே கிடையாது. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விடுவேன். "இன்னும் கொஞ்சம் விடட்டோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அவர் சொதியை ஊற்றினால் இலையில் குளம் கட்டும். தங்கச்சிமடத்தில் மீன் சாப்பாடு. அந்தக் குழம்பில் கிடந்த மாங்காய்த் துண்டுக்காகவே கிரைண்டர் இன்னொரு தடவை நின்றுபோகாதா என்று நினைத்ததுண்டு. நினைத்தது மட்டும்தான், நம்புங்கள்.

ராமேஸ்வரத்தில் எனக்கு வாடிக்கை, ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்த சைவ ஓட்டல். முதலாளி பெயர் இன்றுவரை தெரியாது. எனக்கு அது செல்லையா அண்ணன் ஓட்டல். செல்லையா அண்ணன் அங்கே சப்ளையர். ஒல்லியான ஆள், தோளில் துண்டு, காதில் பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமி கும்பிட வருகிறவர்கள். பாதிப் பேர் செத்தவர்களுக்குச் செய்ய வருகிறவர்கள். இரண்டு கூட்டமும் ஈரத் துணியோடுதான் ஓட்டலுக்குள் நுழையும். யார் எது என்று வாசலிலேயே முகத்தைப் பார்த்துப் பிரித்துவிடுவார் செல்லையா அண்ணன். சிலரிடம் "என்ன சாப்பிடுறீக?" என்று கேட்பார். சிலரிடம் ஒன்றும் கேட்காமல் வெங்காயம் போடாத சாம்பாரோடு இட்லியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். "அவுகள்ட்டப் போயி என்ன வேணும்னு கேட்டா, அவுக என்னத்தச் சொல்லுவாக தம்பி?" என்றார் ஒருநாள்.

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். என் அய்யாவும் அவருக்குச் சிநேகிதம். அய்யாவுக்கு முதுகுளத்தூர் பக்கம் நாலு ஏக்கர் மிளகாய்க்காடு. வருஷத்துக்கு ஒரு தடவை தை அமாவாசைக்கு என்னோடு ராமேஸ்வரம் வந்து, அவருடைய அய்யாவுக்குத் திதி கொடுத்துவிட்டு, அந்த ஓட்டலில் வந்து உட்காருவார். மனிதருக்குப் பூரி என்றால் உயிர். ஆனால் கிழங்கு தொடமாட்டார். "இந்தச் சொதசொதப்பை எவன் திம்பான். ஏலே, சீனி கொண்டாரச் சொல்லு" என்பார். முதல் தடவை எனக்கு வெட்கமாக இருந்தது. செல்லையா அண்ணன் சிரித்துவிட்டு ஒரு கிண்ணம் நிறையச் சீனி கொண்டுவந்து வைத்தார். மறுவருஷம் கேட்காமலே வந்தது.

அதற்குப் பிறகு நான் எப்போது வேலைக்குப் போனாலும் கிளம்பும்போது ஒரு பொட்டலம் கைக்கு வரும். இரண்டு பூரி, பேப்பரில் மடித்த சீனி. "அய்யா எப்புடி இருக்காக?" என்பார். "நல்லா இருக்காக" என்பேன். பாம்பன் தாண்டி, ராமநாதபுரத்தில் பஸ் மாறி, முதுகுளத்தூர் போய்ச் சேருவதற்குள் பூரி சவசவவென்று ஆகிவிடும். அய்யா அதைப் பிய்த்துச் சீனியில் தொட்டுத் தின்றுவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. என் கல்யாணச் சாப்பாட்டுக்கும் அதேதான் சொன்னார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசியில் அய்யா போய்விட்டார். காட்டில் நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார், படுத்தார், அவ்வளவுதான். மூத்தவர் என்பதால் என் அண்ணன்தான் கொள்ளி வைத்தார், மொட்டை போட்டார். நான் பந்தலுக்குச் சேர் எண்ணி இறக்கினேன், பால் வாங்கினேன், மைக்செட்காரரிடம் சண்டை போட்டேன். அழவில்லை. வீம்பெல்லாம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். கையை ஐஸ் தண்ணீருக்குள் ரொம்ப நேரம் வைத்திருந்தால் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாதே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. பந்தலுக்குள் யாரோ ஒரு பெண்பிள்ளை சொன்னது என் காதில் விழுந்தது. "இளையவன் கண்ணுல பொட்டுத் தண்ணி இருக்கா பாரேன்."

மூன்றாம் நாள் சாம்பல் கரைக்க வேன் பிடித்து ராமேஸ்வரம் போனோம். வேனிலேயே அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கரைச்சு முடிக்கிற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுடா. மகன்க ரெண்டு பேரும் வெறும் வயித்தோட செஞ்சாத்தான் அய்யாவுக்குப் போயிச் சேரும்." நானும் சரி என்றேன்.

அக்னி தீர்த்தக் கரையில் ஐயர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, பால் குறைகிறது, பழமும் வேண்டும் என்றார். "நீ போ, உனக்குத்தான் இந்த ஊரு தெரியும்" என்றார் அண்ணன். உண்மைதான், எனக்கு அந்த ஊர் தெரியும். அதுதான் வினையாகிவிட்டது. பால் வாங்கினேன். பழம் வாங்கினேன். அப்புறம் என்ன ஆனது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். காலை ஆறரை மணி. எத்தனையோ வருஷமாக அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் என் கால் எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கிரைண்டர் ரூம் கதவை ஒட்டியிருக்கும் என் மேசையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அடுத்த மாசம் மாற்ற வேண்டும் என்றுகூட நினைத்தேன். பார்த்துக்கொள்ளுங்கள், அய்யாவைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கொண்டுவந்திருக்கிறேன், பெல்ட்டைப் பற்றி நினைக்கிறேன்.

செல்லையா அண்ணன் வழக்கம்போல இரண்டு இட்லி, ஒரு வடை, மேலே வெங்காயச் சாம்பார் ஊற்றி வைத்தார். தின்றேன். ஊருக்கெல்லாம் முகம் பார்த்துச் சொல்கிற மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிந்த முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

"அய்யா எப்புடி இருக்காக?"

"நல்லா இருக்காக."

வாய் நிறைய இட்லியோடு சொன்னேன். பொட்டலம் வந்தது. ஒரு கையில் பாலும் பழமும், ஒரு கையில் பொட்டலமுமாகக் கடற்கரைக்கு வந்து நின்ற பிறகுதான், சாம்பல் இருந்த மண் கலயத்தில் மஞ்சள் துணி கட்டியிருப்பதைப் பார்த்தேன். அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம்! தொண்டையில் சாம்பார் ஏப்பம். அண்ணன் என் கையைப் பார்த்தார். "என்னடா அது?"

"பூரி" என்றேன்.

அண்ணன் பிரித்துப் பார்த்தார். சீனிப் பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் வாய் கோணியது. மொட்டைத் தலையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "அய்யாவுக்குன்னு வாங்கியாந்தியாடா... அய்யாவுக்குன்னு வாங்கியாந்தியா..." நான் நின்றுகொண்டிருந்தேன். இல்லை அண்ணே, நான் தின்றுவிட்டேன், வயிறு முட்டத் தின்றுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐயர் அந்தப் பூரியையும் இலையில் பிண்டத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கடலுக்குள் இறங்கிக் கரைத்தோம்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அண்ணன் ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொன்னார். பதினாறாம் நாள் விருந்தில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், டீக்கடையில் சொன்னார். "அந்தத் துக்கத்துலயும் என் தம்பி அய்யாவுக்குப் பூரியும் சீனியும் வாங்கியாந்தான்." எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியாது. அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். "வெக்கப்படுறான்" என்பார்கள். அய்யாவுக்குப் போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா என்பது என் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. நாக்கும் அன்றோடு மரத்தது. கீழக்கரை நெய்ச்சோறு, தங்கச்சிமடத்து மீன் குழம்பு எல்லாம் அப்புறமும் சாப்பிட்டேன். உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான்.

செல்லையா அண்ணனிடமும் சொல்லவில்லை. அடுத்த மாசம் பெல்ட் மாற்றப் போனேன். "அய்யா எப்புடி இருக்காக?" "நல்லா இருக்காக." பொட்டலம். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது நானே தின்றேன். ஒருநாள் சொல்லியே தீருவது என்று போனேன். அன்றைக்கு அவர் சீனியை மடித்துக்கொண்டே, "எங்கப்பன நான் பாத்ததே இல்ல தம்பி. ஒங்க அய்யாவாச்சும் நல்லா இருக்கட்டும்" என்றார். எப்படிச் சொல்வது? தை அமாவாசைக்கு அய்யாவைக் காணோமே என்று அவர் கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லிவிடுவேன். ஏழு வருஷம் அந்த ஓட்டலில் மட்டும் அய்யா நல்லா இருந்தார்.

பிறகு ஒரு தடவை பையில் புது பெல்ட்டோடு போய் நின்றால், சந்தே இல்லை. ஓட்டல் இருந்த இடம் மட்டமாக்கப்பட்டு வேன்கள் நின்றிருந்தன. பக்கத்தில் பூ விற்ற அம்மாவிடம் கேட்டேன். "இடிச்சு மூணு மாசமாச்சே. செல்லையாவா? மக வீட்டுக்குப் போறேன்னாரு. எங்கனன்னு தெரியலையேப்பா" என்றார். பெல்ட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

இதெல்லாம்தான் பைபாஸ் ஓரத்தில் வண்டிமேல் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, அண்ணனுக்குப் போன் போட்டேன். முன்னுரை எதுவும் இல்லாமல் சொன்னேன், "அண்ணே, அன்னைக்குச் சாம்பல் கரைக்கும்போது நான் வெறும் வயித்தோட இல்லண்ணே. ஓட்டல்ல சாப்பிட்டுட்டேன். அந்தப் பூரியும் நான் வாங்குனதில்ல."

அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது.

"தெரியும்டா" என்றார் அண்ணன். "ஒன் சட்டைல சாம்பார் சிந்தியிருந்துச்சு."

"பெறகு ஏண்ணே ஊரு பூரா அப்புடிச் சொன்னீக?"

"நீ அழுகலன்னு பேசுனாகடா. கேட்டுக்கிட்டு இருக்க முடியல எனக்கு." அப்புறம் அவரே, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

இப்போதாவது அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். லாரிகள் போயின. வரவில்லை. பார்சலைப் பிரித்தேன். கிழங்கைத் தள்ளி வைத்துவிட்டு, டீச் சீனிப் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டி, பூரியைப் பிய்த்துத் தொட்டேன். ஆறிச் சவசவவென்றுதான் இருந்தது. சீனி தித்தித்தது. அய்யா எப்படி இருக்கிறார் என்று கேட்க இனி எந்த ஓட்டலிலும் ஆள் இல்லை. இரண்டு பூரியையும் தின்று முடித்தேன். நல்லாத்தான் இருந்தது.