பிடுங்கும் விளையாட்டு

போன வாரம் என் மகள் வேலை விட்டு வந்ததும் வராததுமாகக் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஆண்டு முடிவில் அவளுடைய அலுவலகத்தில் பரிசு மாற்றிக்கொள்வார்களாம். யார் யாருக்குக் கொடுப்பது என்று கைப்பேசியே குலுக்கிப் போட்டுச் சொல்லிவிடுகிறது. பரிசு பெறப்போகிறவரும் தனக்கு என்ன வேண்டும் என்று அதிலேயே எழுதிவிடுகிறார்.

"இவருக்குத் தண்ணிப் போத்தல் வேணுமாம். எந்தக் கடைன்னும் போட்டிருக்காரு. நல்லதாப் போச்சும்மா, மண்டைய ஒடச்சுக்க வேணாம்" என்றாள்.

நல்லதுதான். ஆனால் நான் மண்டையை உடைத்துக்கொண்ட காலத்து ஆள். இரண்டு நாளில் அந்தப் போத்தல் அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தது. குசினியில் சமையல் மேசைமேல் வைத்து அவள் பெட்டியைப் பிரித்தபோது காய்ந்த அட்டையின் வாசம் வந்தது. எனக்கு அது வைக்கோல் வாசமாகத்தான் பட்டது.

வைக்கோல் என்றதும் வயல் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வைக்கோல் என்றால் கண்டி டவுனில், ஒரு மாடிப்படியின் உச்சியில் இருந்த எங்கள் கம்பெனி. பீங்கான் கோப்பை, கண்ணாடிக் கிளாஸ், பூச்சாடி எல்லாம் கப்பலில் வந்து, மரப்பெட்டிக்குள் வைக்கோல் மெத்தையில் படுத்தபடி எங்களிடம் வந்து சேரும். பிலிமத்தலாவையிலிருந்து பஸ் ஏறி, இரட்டைப் பின்னலோடு நான் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா என் தலையிலிருந்து வைக்கோல் பொறுக்குவார். ஏதோ மாட்டுத் தொழுவத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டதைப் போல அவர் முகம் இருக்கும்.

அங்கே எங்களுக்கெல்லாம் உயிர் திலகம் அக்கா. டெலிபோன் ஒபரேட்டர். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். டவுனில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு எடுத்துத் தனியாக இருந்தார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் 'கொஞ்சம் இருங்க' என்பதை அவர் சொல்கிற அழகுக்காகவே சில வியாபாரிகள் காத்திருப்பார்கள் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். அவருக்குப் பக்கத்து மேசையில் டைப்பிஸ்ட் சுமனா. கட்டுகஸ்தோட்டைச் சிங்களப் பெண், என் வயதுதான். அக்காவிடம் தமிழ் கற்றுக்கொண்டு, அதை வைத்தே அக்காவோடு சண்டையும் போடுவாள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் மாடி ஹோலில் ஒரு பார்ட்டி நடக்கும். முதலாளியின் மருமகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவரைச் சின்ன சார் என்போம். பரிசு பிடுங்கும் விளையாட்டைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆளுக்கொரு பரிசைப் பெயர் எழுதாமல் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் குவிக்க வேண்டும். பிறகு நம்பர் எடுப்போம். முதல் நம்பர்காரர் ஒரு பார்சலைப் பிரிப்பார். அடுத்தவர் புதிதாக ஒன்றைப் பிரிக்கலாம், அல்லது முன்னவர் கையில் இருப்பது பிடித்திருந்தால் அதைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

முதல் வருஷம் யாருமே பிடுங்கவில்லை. அடுத்தவர் கையிலிருப்பதை எப்படிப் பிடுங்குவது? "உங்களுக்கு வேணாம்னா தாங்க" என்று கேட்டுக்கொண்டு நின்றோம். போதாக்குறைக்கு, நான் கொண்டுபோன குளியல் சவர்க்காரப் பெட்டியை நானே எடுத்துப் பிரித்துவிட்டு, "அட, சவர்க்காரம்!" என்று வியந்து காட்ட வேண்டியதாயிற்று.

விளையாட்டைக் காப்பாற்றியது திலகம் அக்காதான். ஸ்டோர் பார்க்கும் பரீத்தை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்போம். அவருக்கு ஒரு டோர்ச் லைட் கிடைத்திருந்தது. அக்கா நேரே போய் அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

"அல்லாவே! இத எடுத்தா நான் எப்பிடி இருட்டுல வீட்டுக்குப் போறது?" என்று நானா கத்தினார்.

"நிலா வெளிச்சத்துல போங்க நானா!"

இருவரும் மேசையைச் சுற்றி ஓடினார்கள். தலைமைக் கிளார்க் சபாரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், பல் தெரியச் சிரிக்காதவர். அன்றைக்கு அவர் கதிரையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதற்குப் பிறகு டிசம்பர் என்றாலே, அக்கா யாரிடம் எதைப் பிடுங்குவார் என்பதே பேச்சு.

பிறகு அந்த ஜூலை வந்தது. எண்பத்து மூன்று ஜூலை; தமிழர் வீடுகளையும் கடைகளையும் கும்பல்கள் சூறையாடிய கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீடு தப்பியது, பக்கத்துக் கடை தப்பவில்லை. திலகம் அக்காவின் வாடகை வீட்டில் கட்டில், அலுமாரி, ரேடியோ, சாப்பிடுகிற தட்டு வரை தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவைக்கூட விடவில்லை. அந்த நேரம் அக்கா வீட்டில் இல்லாததால் உயிர் பிழைத்தார். எங்கே இருந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கம்பெனி திறந்தது. எல்லோரும் திரும்பி வந்தோம், ஆனால் பழையபடி இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தமிழர்கள் ஒரு மேசை, சிங்களவர்கள் ஒரு மேசை என்றாகிவிட்டது. பரீத் நானா இரண்டுக்கும் போகாமல் ஸ்டோரிலேயே சாப்பிட்டார். சுமனா அக்காவை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அக்காவும் அவளோடு பேசுவதில்லை. அக்கா அவள்மேல் கோபமாக இருக்கிறார் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டோம். திருச்சியிலிருந்த அக்காவின் அண்ணன் அவரை அங்கே வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் வந்தது. இந்த வருஷம் பார்ட்டி வேண்டாம் என்றார் முதலாளி. எங்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

"வைப்போம் சார்" என்றார் திலகம் அக்கா. "நிறுத்துனா அப்பறம் எப்பயுமே வைக்க மாட்டோம்."

வைத்தோம். ஹோலிலும் இரண்டு பக்கமாகவே உட்கார்ந்தோம். கேக்கை யாரும் தொடவில்லை. நம்பர் எடுத்து, பார்சல்களை ஏதோ கடமைக்குப் பிரித்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்குப் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்று வந்தது. கட்டிலும் பாயும் பறிகொடுத்தவர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். அடுத்த நம்பர் சின்ன சாருக்கு. ஹோலில் பழைய கலகலப்பைக் கொண்டுவர நினைத்தார் போல. சிரித்துக்கொண்டே வந்து, அக்காவின் கையிலிருந்து அந்த விரிப்பை வெடுக்கென்று இழுத்தார்.

அவர் மனதில் கள்ளம் கிடையாது. பாவம், விளையாட்டின் விதியே அதுதானே. ஆனால் அக்காவின் கைகள் விரிப்பைப் பிடித்திருந்த மாதிரியே நின்றன. சுமனா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் சின்ன சாருக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போய் விரிப்பைத் திருப்பி நீட்டினார்.

அக்கா அதை வாங்கிக்கொண்டார். இப்போது எழுந்து வெளியே போய்விடுவார், இனி இந்தப் படி ஏற மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை.

"இந்த வருஷம் பிடுங்குனது போதும் சார்" என்றார். "வெளையாட்ட மாத்துவோம். நம்பர் வந்தவங்க கையில உள்ளத யாருக்காச்சும் குடுக்கணும். ஏன் குடுக்குறோம்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லணும். நானே தொடங்குறேன்."

ஹோலைக் குறுக்காகக் கடந்து போய்ச் சுமனாவின் மடியில் அந்த விரிப்பை வைத்தார்.

"இது சுமனாவுக்கு. ஏன்னா, அன்னைக்கு என்னையப் பின்பக்க ஒழுங்கையால இழுத்துட்டு ஓடுனது இவ. இவ வீட்டுல ஒளிச்சு வச்சிருந்தா. இவ கட்டில எனக்குக் குடுத்துட்டு வெறும் தரையில படுத்தா. நன்றி சொல்ல வாயெடுத்தா அழுதுருவேன்னு பயந்துதான் இவ்வளவு நாளாப் பேசல."

எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. சுமனா தன் ஆட்கள் செய்ததை நினைத்து வெட்கத்தில் பேசாமல் இருந்திருக்கிறாள். அக்கா அழுகைக்குப் பயந்து பேசாமல் இருந்திருக்கிறார். நாங்கள் அதைக் கோபம் என்று முடிவுகட்டி, ஆளுக்கொரு மேசையில் சோறு தின்றிருக்கிறோம்.

சுமனாவின் கையில் ஒரு கோப்பை செட் இருந்தது. எங்கள் கம்பெனிச் சரக்கேதான், வைக்கோல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அக்காவிடம் நீட்டினாள்.

"இது அக்காவுக்கு. ஏன்னா... அக்கா வீட்டுல கோப்பை இல்லதானே? நான் வந்தா எதுல டீ தருவீங்க?"

அழுதுகொண்டே சிரிப்பது என்று சொல்வார்கள். ஒரு ஹோல் முழுக்க அப்படிச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நம்பருக்கு யாரும் காத்திருக்கவில்லை. பரீத் நானா கைக்குட்டைப் பெட்டியைச் சபாரத்தினம் ஐயாவிடம் கொடுத்து, "ஏனென்டா, ஐயா மூக்குக் கண்ணாடிய வேட்டியில தொடைக்கிறத என்னால பாக்க ஏலாம இருக்கி" என்றார். ஐயா தனக்கு வந்த குடையோடு என் முன்னால் வந்து நின்றார். "இது இந்தப் பிள்ளைக்கு. ஏனெண்டால், மழையெண்டால் கோழிக்குஞ்சு மாதிரி நனைஞ்சு கொண்டெல்லோ வாறா" என்றார். அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததே இல்லை என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் வெறுங்கையோடு நின்றவர் சின்ன சார் ஒருவர்தான். அக்கா கேக்கின் முதல் துண்டை வெட்டி அவரிடம் கொண்டுபோனார். "இது சாருக்கு. ஏன்னா, இந்த வெளையாட்டக் கொண்டு வந்தவரே சார்தானே." அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கதவுகூட மிஞ்சாத ஒரு பெண், தன்னைப் புண்படுத்தியவர் தலை குனிந்து நிற்பதைப் பொறுக்க மாட்டாமல் கேக் கொண்டுபோகிறார். எனக்கு அன்று இருபது வயதுகூட ஆகவில்லை. பெரிய மனுஷி என்றால் என்ன என்பதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன்.

அக்கா திருச்சிக்குப் போகவில்லை. அடுத்த வேலைநாள் மத்தியானம் அவரும் சுமனாவும் சாப்பாட்டு மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டார்கள். ஸ்டோருக்குப் போய்ப் பரீத் நானாவின் சோற்றுப் பார்சலையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த டிசம்பர்களில் நாங்கள் பிடுங்கியதே இல்லை. யாருக்கு எதைக் கொடுப்பது, என்ன காரணம் சொல்வது என்று மாதக் கணக்கில் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருப்போம். யாருடைய செருப்பு அறுந்திருக்கிறது, யாருக்கு இரவில் இருமல், எல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

கம்பெனி இப்போது இல்லை. கீழே கைப்பேசிக் கடை, மேலே டியூஷன் வகுப்பு. சபாரத்தினம் ஐயா கனடாவில் காலமானார். பரீத் நானாவும் போய்விட்டார். திலகம் அக்கா கடைசிக் காலத்தில் கலஹாவுக்கே திரும்பிப் போய், அங்கேயே கண்ணை மூடினார். சுமனா மட்டும் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறாள், முழங்கால் வலியோடு. எப்போதாவது போய்ப் பார்ப்பேன். பேரப்பிள்ளைகள், மருந்து, அரிசி விலை என்று எல்லாவற்றையும் பேசுவோம். அக்காவின் பெயரை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. எடுத்தால் பேசி முடிக்க மாட்டோம், பிலிமத்தலாவைக்குப் போகிற கடைசி பஸ் போய்விடும்.