அடைக்கலப் பட்டணத்துக்குப் பதினோரு அம்புகள்

1954ஆம் ஆண்டு ஜூலை 12, திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்குச் சனங்களை எழுப்பத் தப்பு அடித்தார்கள். ஐந்தரைக்கு அம்மா தேத்தண்ணி ஊற்றினாள். ஆறு மணிக்குப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து சனங்கள் கூடைகளோடு மலைக்குப் போனார்கள். எட்டு மணிக்கு அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பத்து நாட்களாக ஓயவில்லை. தகரக் கூரை படபடத்துக்கொண்டே இருந்ததால், வாய்ப்பாடு சொல்லிய பிள்ளைகள் கத்த வேண்டியிருந்தது. இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டது. அதுவரை அன்றைய நாளில் குறிப்பதற்கு ஒன்றுமில்லை.

பதுளைப் பக்கம், ஹாலிஎலைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே அறையில், அதே பெஞ்சுகளில், எங்கள் பதினான்கு கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உபதேசியாராகவும் இருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

முந்திய நாள் ஞாயிறு பாடம் அடைக்கலப் பட்டணங்களைப் பற்றியது. யோர்தானுக்கு அந்தப் பக்கம் மூன்று பட்டணம், இந்தப் பக்கம் மூன்று. கைதவறி ஒருவனைக் கொன்றவன், பழிவாங்க வருகிறவன் கையில் அகப்படுவதற்கு முன் அங்கே ஓடிச் சேர்ந்துவிட்டால் பிழைத்தான். பாடத்தின் முடிவில், ஆண்டவர் நல்லவர், அதனால்தான் பாவிகளுக்கும் வழி காட்டுகிறார் என்று அப்பா சொன்னார். அவர் முகத்தில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. அம்மாவின் தம்பியைப் பெரிய வெள்ளியிலிருந்து எங்கள் வாசலில் ஏறவிடாமல் வைத்திருந்ததும் அவர்தான். தோட்டத்து லொறி ஓட்டிய என் மாமா, பெரிய வெள்ளி ஆராதனைக்குக் குடித்துவிட்டு வந்து, எல்லோரும் மண்டியிட்டிருந்தபோது கல்யாணப் பாட்டுப் பாடியவர்.

எனக்கு மாமாவைப் பற்றிய யோசனை வரவில்லை. வேறொன்று அரித்தது. ஓடுகிறவனுக்குப் பட்டணம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? அப்பாவிடம் கேட்டேன்.

“வழிய ஒழுங்கா போட்டு வைக்கணும்னு சட்டத்துலயே இருக்கு” என்றார்.

எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்றும் போட்டு வைத்திருக்கவில்லை. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கீழே பாதை மூன்றாகப் பிரியும். ஒன்று சனங்கள் குடியிருந்த லயத்துக்கு, ஒன்று ஹாலிஎல ரோட்டுக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. பள்ளிக்கூடம்தான் எங்கள் கோயில். ஆகவே அதுதான் பட்டணமாக இருக்க முடியும். அந்த ஞாயிறு மத்தியானமே, எல்லோரும் தூங்கியபோது, சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்துப் போய், பாதையோரக் கற்களில் பதினோரு அம்புகள் போட்டேன். படிக்கத் தெரியாதவருக்கும் விளங்க வேண்டும் என்பதால் எழுத்து எதுவும் போடவில்லை. சின்ன வயதிலேயே எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

திங்கட்கிழமை நாலேகாலுக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் காற்று புழுதியை வாரி அடித்தது. மாமா பின்னால் பார்க்காமல் லொறியைப் பின்னுக்கு எடுத்தார். கூடையை இறக்கக் குனிந்திருந்த ஒரு பெண்ணின் வலது கால் சக்கரத்துக்குள் போயிற்று. மாமா இறங்கினார், பார்த்தார், ஓடினார். அன்று அவர் குடித்திருக்கவில்லை.

நான் பள்ளிக்கூட வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். செருப்பில்லாமல் வந்த மாமா என்னைத் தாண்டி உள்ளே போய், கடைசி பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது.

“ரோட்டுக்குப் போறதா, காட்டுக்குப் போறதான்னு நின்னேன் புள்ள. கல்லுல அம்பு போட்டிருந்திச்சு. கால் தானா வந்திருச்சு.”

“நான்தான் போட்டேன் மாமா” என்றேன். அவ்வளவு பெருமையாக அதற்குப் பிறகு நான் எதையும் சொன்னதில்லை.

கீழே பெண்கள் கத்தும் சத்தம் கேட்டு அப்பா வீட்டிலிருந்து வந்தார். சன்னல் வழியாக மாமாவைப் பார்த்தார். என்ன நடந்தது என்று மாமா சொல்லி முடிக்கும்வரை உள்ளே வரவில்லை.

“இப்ப அந்தப் புள்ளய யாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறா?”

மாமா சட்டையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தார்.

“லொறிய ஓட்டத் தெரிஞ்சவன் நீ. அத விட்டுட்டா ஓடியாந்த?”

லொறி ஓட்டத் தெரிந்த இன்னொருவர் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் ஐயா மட்டும்தான். அவரைத் தேடிப் பிடிக்க இருபத்தைந்து நிமிடமானதாகப் பிறகு சொன்னார்கள். அந்த இருபத்தைந்து நிமிடமும் அவள் சாக்கின் மேல் கிடந்திருக்கிறாள்.

ஒருவழியாகக் கீழே லொறி கிளம்பிப் போன சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில், அப்பா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, வளைவில் மூன்று பேர் தெரிந்தார்கள். முன்னால் வந்தவர் அவளுடைய புருஷன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலையிலிருந்து கத்தியோடு அப்படியே வந்திருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் நின்று, குனிந்து பார்த்து, கை காட்டி, மேலே ஏறினார்கள். எட்டாவது கல், ஒன்பதாவது கல். பத்தாவது அம்பு கோணலாக விழுந்திருந்தது. அதிலாவது தடுமாறுவார்கள் என்று பார்த்தேன். தடுமாறவில்லை.

அப்பா வாசற்படியில் நின்றார்.

“வழி விடுங்க ஐயா. அவன் இங்கதான வந்தான்?”

“உள்ளதான் இருக்கான்” என்றார் அப்பா.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய்.

“மச்சானாச்சே, மறைச்சு வைப்பீங்கன்னு நெனச்சேன்.”

“மச்சான்னு மூணு மாசமா நான் சோறு போடல. ஒனக்கே தெரியும். உள்ள வா. கத்திய வெளிய வச்சிட்டு வா.”

“வைக்காட்டி?”

“என்னைத் தாண்டித்தான் போகணும். எனக்கு ஓடத் தெரியாது.”

கூட வந்தவர்களில் ஒருவர், “வாத்தியாருக்குப் பேச்சப் பாரு” என்றார். புருஷன் சிரிக்கவில்லை. கத்தியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மறுபடியும் மாற்றினார். காற்றில் பள்ளிக்கூடக் கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது. பிறகு அவர் அப்பாவின் காலடியிலேயே, படியில், தொப்பென்று உட்கார்ந்தார்.

“பொழச்சிருவாளா ஐயா? நான் வர்றதுக்குள்ள லொறி போயிருச்சு. மொகத்தக்கூடப் பாக்கல.”

அப்பாவுக்கும் தெரியாது. தெரியாது என்றே சொன்னார். கத்தியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கூட வந்தவரிடம் கொடுத்தார். அப்புறம் உள்ளே திரும்பி மாமாவைக் கூப்பிட்டார்.

“எந்திரிச்சு வா. பட்டணத்துக்கு ஓடியாந்தவன் சபைக்கு முன்னால நின்னு பதில் சொல்லணும். அதுவும் சட்டத்துல இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதியை அப்பா எங்களுக்குச் சொல்லவில்லை.

மாமா வெளியே வந்தார். புருஷன் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “நீ ஓடாம இருந்திருக்கலாம்டா” என்றார். மாமா தலையைக் குனிந்து, “ஆமாண்ணே” என்றார். ஐந்தரைக்கு மூவரும் பதுளை பஸ் பிடிக்க ரோட்டுக்கு இறங்கினார்கள், மாமா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், அப்பா நடுவில். ஒருவருக்கு ஆஸ்பத்திரி, ஒருவருக்குப் பொலிஸ். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அடைக்கலம் என்று வந்தவரை அப்பாவே பிடித்துக் கொடுக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று ஜெபத்தில் அப்பாவின் பெயரை விட்டுவிட்டேன்.

அப்பா எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று தெரியாது. நான் விழித்தபோது தப்பு அடித்துக்கொண்டிருந்தது. குசினியில் அவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அவளுடைய பாதத்தை எடுக்க வேண்டுமாம், உயிருக்கு மோசமில்லையாம். மாமாவைப் பொலிஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்களாம். புருஷன் ஆஸ்பத்திரி வாசலிலேயே படுத்திருக்கிறாராம். முதல் பஸ்ஸுக்கு அப்பா திரும்பிப் போக வேண்டும். அம்மா இரண்டு சோற்றுப் பார்சல் கட்டினாள், மாமாவுக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கருவாடு.

“கத்தியோட வந்தவருக்கும் ஏன்?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“அவனும் நம்ம வாசலுக்கு ஓடியாந்தவந்தான” என்றார். முகம் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போனார்.

ஓடி வந்தது மாமா ஒருவர்தான். மற்றவர் துரத்தி வந்தவர். அப்பாவுக்குத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் அவருடைய பார்சலை அவிழ்த்து, அதிலிருந்த கருவாட்டை எடுத்து மாமாவின் பார்சலுக்குள் வைத்து, இரண்டையும் முன்போலவே கட்டி வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் நான் செய்த முதல் காரியம் அது.