முகத்துவாரத்தில் ஒரு பச்சை விளக்கு

மாலை 4.10. ராயபுரம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். முதுகில் கேமரா பை, கையில் முக்காலி. எதிரே இருந்தவர் முக்காலியைப் பார்த்துவிட்டு, "சர்வேயா சார்? ரோடு அகலம் பண்ணப் போறாங்களா?" என்றார். நட்சத்திரம் எடுக்கப் போகிறேன் என்றேன். "எண்ணூர்லயா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நட்சத்திரம் எடுப்பவர்கள் மலைக்குப் போவார்கள். எனக்கு வேறு கணக்கு. சென்னையில் துருவ நட்சத்திரம் வடக்கே மிகத் தாழ்வாக நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. எண்ணூர் முகத்துவாரத்தின் தென்கரையில் நின்றால் அக்கரை அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் தலைக்கு மேல் வரும். கேமரா ஒரு மணி நேரம் விடாமல் எடுத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மற்ற நட்சத்திரங்கள் அதைச் சுற்றி வளைவுக் கோடுகளாகப் பதியும். நடுவில் நிறுத்தினால் கோடு அறுந்துவிடும். பெரம்பூரில் என் வீட்டு மொட்டை மாடியில் இதையே செய்து பார்த்திருக்கிறேன். தெருவிளக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் நன்றாக வந்தன.

எண்ணூரில் இறங்கும்போது மணி ஐந்து. முகத்துவாரம் மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "அங்க இன்னா சார் கீது? கொசுதான் கீது" என்றார் ஓட்டுநர். அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களுக்கு ஓரமாகப் போய், மணல் தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டார். கொசு விஷயத்தில் அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

6.30. அமாவாசைக்கு மறுநாள் என்பதால் நிலவுத் தொல்லை இல்லை. தொல்லை வேறு உருவத்தில் வந்தது. நான் பார்த்து வைத்திருந்த இடத்துக்கு நேர் எதிரே, தண்ணீரோரம் ஒரு மூங்கில் நட்டு, உச்சியில் சார்ஜ் லைட் கட்டியிருந்தது. அதன்மேல் பச்சைக் கண்ணாடித்தாள். பக்கத்தில் மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் கஸ்தூரி, மீன் விற்பவர், நாற்பது வயதிருக்கும்.

"அக்கா, இந்த லைட்ட ஒரு மணி நேரம் அணைக்க முடியுமா?" என்று கேட்டு, காரணத்தையும் சொன்னேன்.

"எங்க வூட்டுக்காரரு கடல்ல கீறாரு நைனா" என்றார். "ஆத்து வாய்ல மணல் மேடு தட்டிக் கெடக்குது. கடல்லேந்து பாத்தா இந்த லைட்டும் அதோ பின்னால அந்த டவர் உச்சி சிவப்பு லைட்டும் ஒண்ணா நின்னாத்தான் வழி. கொஞ்சம் தப்புனா படகே கவுந்துடும். போன மாசம் ஒண்ணு கவுந்துச்சு. உன் நட்சத்திரம் நாளைக்கும் வரும்."

எட்டு மணிக்கு வருவாராம். அதற்குமேல் வாதாட வழியில்லை. முக்காலியைப் பத்தடி நகர்த்தி, விளக்கைப் படச்சட்டத்தின் வலது ஓரத்துக்குத் தள்ளினேன். 7.05க்குக் கேமராவை ஓடவிட்டேன்.

7.40க்கு விளக்கு தானாகவே அணைந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வானம் சட்டென்று ஆழமானது.

கஸ்தூரி மணலில் ஓடி வந்தார். "சார்ஜ் பூட்ச்சு நைனா! மத்தியானம் பூரா கரண்ட் இல்ல, சரியா ஏறவே இல்ல. உன்னாண்ட லைட்டு கீதா?"

என்னிடம் நெற்றியில் கட்டும் டார்ச் இருந்தது. மூங்கிலைச் சாய்த்து உச்சியில் அதைக் கட்டினோம். காற்றில் மூங்கில் திரும்பித் திரும்பி வெளிச்சம் ஊர்ப்பக்கம் போனது. கடலைப் பார்த்து நிற்க வேண்டுமானால் ஒருவர் பிடித்தாக வேண்டும். பிடித்தேன். வெளிச்சம் வேண்டாம் என்று ரயிலேறி வந்தவன், என் படத்துக்குள்ளேயே விளக்குக் கம்பமாக நின்றேன். பின்னால் கேமரா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டு மணி தாண்டி, அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. "அவருதான்" என்றார் கஸ்தூரி. புள்ளி நெருங்கியது, நின்றது, வடக்கே போனது, திரும்பியது. உள்ளே மட்டும் வரவில்லை. கஸ்தூரி கத்திக் கூப்பிட்டார். அலைச் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருடைய கை என் தோளை இறுக்கியது. எனக்கும் பயமாக இருந்தது.

"அய்யோ, வெள்ள!" என்றார் திடீரென்று. "கரை பூரா வெள்ள லைட்டுதான். எங்களுது பச்ச. எதுன்னு தெரியாம நிக்கிறாரு!"

பழைய விளக்கிலிருந்து கண்ணாடித்தாளைக் கிழித்தெடுத்தார். மூங்கிலைச் சாய்த்து டார்ச்சின்மேல் சுற்றி, தலைமுடி ரப்பரால் கட்டினார். நிமிர்த்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மஞ்சள் புள்ளி எங்களை நோக்கித் திரும்பி, விலகாமல் நேராக உள்ளே வந்தது.

படகில் மூன்று பேர். கஸ்தூரியின் கணவர் தேசப்பன் முதலில் குதித்தார். "இன்னாமே, லைட்ட மாத்திட்டியா? யார் வூட்டு லைட்டோன்னு நெனச்சேன்" என்றார். கஸ்தூரி அவர் சட்டையைப் பிடித்தபடி அழுதார்.

கேமராவை நிறுத்திப் படத்தைத் திரையில் காட்டினேன். வளைவுக் கோடுகள் நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தன. வலது ஓரத்தில், நான் நின்ற இடத்தில், வெள்ளையும் பச்சையுமாக ஒரு கறை. அதற்கு அப்பால் கடலில் ஒரு மஞ்சள் நூல், நூல்கண்டு சிக்கியது போல் சுற்றிச் சுற்றி, பிறகு நேராகக் கறைக்குள் வந்து முடிந்தது.

கஸ்தூரி வானத்தைப் பார்க்கவே இல்லை. சிக்கலின்மேல் விரலை வைத்தார். "இது நீயா?"

"அலை தள்ளுச்சு" என்றார் தேசப்பன்.

"பொய். பயந்துகினு சுத்திகினு இருந்துகீற."

அவர் இன்னொரு முறை திரையைப் பார்த்தார். "ஆமா" என்றார், மெதுவாக.

10 மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பையைக் கட்டினேன். கஸ்தூரி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "படத்த அனுப்பு நைனா. மேல அந்தக் கோடெல்லாம் வேணாம், எடுத்துடு. இவர் வந்த கோடு மட்டும் போதும்."