தறி நின்ற ஞாயிறு

நகரியில் எங்கள் வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் மாமாவின் கைவண்ணம். அம்மாவின் தம்பி அவர்; திருப்பதியில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. எந்தப் பெட்டியையும் அது போகிற வேகத்தில் போக விடமாட்டார். எங்களுடையதிலும் மெமரியின் வேகத்தை ஏற்றிவைத்துவிட்டு, கார் பந்தயம் என்னமாய் ஓடுகிறது பார் என்று பெருமையடித்துக்கொண்டார். பந்தயம் ஓடியது. அமெரிக்காவிலிருந்து அக்கா பேசும்போதுதான் அவள் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிடும். அம்மா அழுவாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். வேண்டாம் என்று அவர் சொல்லியும் கேளாமல் அக்கா வேலைக்கென்று விமானம் ஏறியதிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. கூப்பிட்டால், பக்கத்துக் கொட்டகையிலிருந்து, "தறி ஓடிக்கினு இருக்குது" என்பார். விசைத்தறிக்காரர் வீட்டில் அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது.

ஒரு ஞாயிறு காலை மாமா வந்து பெட்டியின் செட்டிங் மாற்றும் நீலத் திரையைத் திறந்தார். "ஸ்பீடு ஏத்துனேன், அதுக்குத் தக்க வோல்டேஜ் குடுக்கல" என்று தலையில் தட்டிக்கொண்டு, மெமரிக்குப் போகும் வோல்டேஜைத் துளி கூட்டினார். மத்தியானம் வரை சோதனை ஓடியது. ஒரு தப்பும் வரவில்லை என்று என்னிடம்தான் முதலில் சொன்னார்.

சாயங்காலம் அக்கா அழைக்கும் நேரம். மாமா கொட்டகை வாசலில் நின்று நைனாவைப் பார்த்துக் கத்தினார்: "பாவா, வோல்டேஜ் பத்தல. தறிய நிறுத்துனாதான் பொண்ணு மூஞ்சி தெரியும்!"

"காலையிலயே சரியாப்பூடுச்சின்னியே மாமா" என்று ஆரம்பித்தேன். என் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையைக் கடித்திருக்க வேண்டும்.

நைனா முணுமுணுத்துக்கொண்டே தறிகளை நிறுத்தினார். வேலை இல்லாமல் அவருக்கு நிற்கத் தெரியாது. தோளில் ஒட்டிய பஞ்சைத் துண்டால் தட்டிக்கொண்டே வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். அக்கா பார்த்துவிட்டாள்.

"நைனா, இளைச்சிட்டியே!"

அவர் தொண்டையைச் செருமினார். "துன்னியாம்மா?" என்றார். அவ்வளவுதான், அக்கா அழ ஆரம்பித்தாள். அன்று படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அந்த நேரத்துக்குத் தறி நின்றது. பாவம், மாமா சொன்னதை நம்பி நைனா ஏமாந்துபோகிறாரே என்று வெகுகாலம் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். தறிக் கொட்டகைக்குத் தனி லைன், தனி மீட்டர்; தறி ஓடினாலும் நின்றாலும் வீட்டுக் கரண்டுக்கு ஒன்றும் ஆகாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தத் தனி லைனை வாங்குவதற்காகக் கரண்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தவரே நைனாதான்.