மண்மூடைக்கு அடியில் பூக்கள்

போன கிழமை, சின்னவன் தூங்கும் ஏணைத் தொட்டிலுக்குள் விரிக்கலாமென்று பழைய சேலைத்துண்டு ஒன்றை எடுத்து உதறினேன். நடுவில் மங்கிய சிவப்பில் ஒரு கறை. வெளிச்சத்தில் பிடித்தால் ஐந்து இதழ்கள். பக்கத்தில் இன்னொன்று. துண்டை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டேன். கறைக்குப் போய் இப்படியா என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்தத் துண்டு ஒருகாலம் மண்மூடையாக இருந்தது. கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து ஸ்கந்தபுரத்தில் கொட்டில் போட்ட நாட்களில், குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கரைச் சுற்றி அடுக்கச் சாக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் சேலையை வெட்டித்தான் மூடை தைத்தோம். நான் இரட்டைத் தையல் போட்டேன். குண்டு விழுந்தாலும் தையல் பிரியக்கூடாதாம்! அப்படியொரு பயந்தாங்கொள்ளி நான்.

அங்கே வந்த சில மாதத்தில் என் கைக்குழந்தை மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டான். அவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு எங்களில் சடங்கு செய்வதில்லை. தகப்பன் வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். பறையில்லை, பூவில்லை. தாய் வரக்கூடாது என்றார்கள். போகவில்லை. சொன்னதைக் கேட்டே வளர்ந்தவள். அதன்பிறகு என் கைகள் சும்மா இருக்க மறுத்தன. கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவுவேன்.

பக்கத்துக் கொட்டிலில், முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த ஸ்ரெல்லாக்கா இருந்தார். அவருடைய செபப்புத்தகத்துக்குள் மாதாவுக்குச் சாத்திய பூவொன்று தட்டையாகக் காய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டில் சாத்திய பூவைக் குளத்தில் விட்டுவிடுவோம். வைத்திருக்கலாம் என்பதே எனக்குப் புதினம். நானும் ஒரு நித்தியகல்யாணியைப் பழைய பேப்பருக்குள் வைத்து, பங்கர் வாசல் மூடைக்கு அடியில் செருகினேன். சில நாளில் எடுத்தால், நிறம் அப்படியே!

பிறகு பித்துப் பிடித்தது போலத்தான். பிஸ்கட் பெட்டி மட்டையில், நிவாரண மாவில் காய்ச்சிய பசை பூசி, மீன், மயில், வீடு என்று இதழ் இதழாக ஒட்டினேன்.

“பிள்ளை, அது மயிலோ கோழியோ?”

“மயிலக்கா.”

“அப்ப கறி வைக்கேலாது,” என்றார் ஸ்ரெல்லாக்கா.

குழந்தை போனபிறகு அன்றுதான் முதலில் சிரித்தேன். சிரித்தது சரியா பிழையா என்று பிறகு யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பூ கொண்டுவருவது என் மூத்தவள், நான்கு வயது அபி. சட்டையை ஏந்திக்கொண்டு வருவாள். உள்ளே செவ்வரத்தை, கடதாசிப்பூ, தேமா. கொட்டில்களுக்கு நடுவில் பூமரம் ஏது என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. சுவர் நிறையப் படங்கள்.

ஒருநாள் பின்னேரம் பறைச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். பிரேதம் எங்கள் தெருவைத் தாண்டிப் போயிருந்தது. முன்னால் தூவிக்கொண்டு போன பூக்கள் தெருவெல்லாம் கிடந்தன. நடுவில் அபி குந்தியிருந்து, மிதிபடாதவற்றைத் தெரிந்தெடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். மீன், மயில், வீடு. அத்தனையும் செத்தவீட்டுப் பூ. எங்கள் தெருவால் அவ்வளவு பேரா போனார்கள்?

அவளை இழுத்து வந்து உலுக்கினேன். “ஆரடி உதை எடுக்கச் சொன்னது? செத்தவீட்டுப் பூவெல்லே!”

“தம்பிக்கு ஒருத்தரும் பூப் போடேல்லைத்தானே,” என்றாள். “அதான் வீட்டை கொண்டந்தனான்.”

என்ன செய்கிறேன் என்று தெரியாமல் படங்களைக் கிழிக்கப் போனேன். சத்தம் கேட்டு வந்த ஸ்ரெல்லாக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு பிள்ளை. அவள் தன்ர தம்பிக்குச் செத்தவீடு செய்யிறாள். நீ ஏன் குழப்புறாய்?”

அந்தப் பூக்கள் பேப்பருக்கு வெளியிலும் சாயம் கசிய மூடைக்கு அடியில் காய்ந்தபிறகு, மட்டையில் அபியே அடுக்கினாள். மீனுமில்லை, மயிலுமில்லை. நீளமாக, பூத் தூவிய ஒரு சின்னத் தெரு. அதைப் பார்த்துத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

அடுத்த இடப்பெயர்வில் மண்ணைக் கொட்டிவிட்டு, துணிக்குப் பஞ்சமென்று மூடைச் சேலைகளை மட்டும் சுருட்டி எடுத்தோம். படங்கள் சுவரோடு நின்றுவிட்டன. ஸ்ரெல்லாக்கா எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது. நாங்கள் பூவரசங்குளம் வந்து சேர்ந்தோம். சின்னவன் இங்கே வந்தபிறகு பிறந்தவன்.

போன கிழமை, கறையைக் கண்ட அன்றே அந்தத் துண்டை அபிக்குக் காட்டினேன். வளர்ந்துவிட்டாள், பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி.

“பீற்றூட் கறையோ அம்மா?”

“இல்லை. நீ தம்பிக்குக் கொண்டந்த பூ.”

அவள் ஏணைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இவனுக்கோ? எப்ப?”

அன்றிலிருந்து அந்தத் துண்டை ஏணைக்குள் விரிப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன்.