சந்தனம் வைத்த சுக்கான்

அண்ணன் மகன் தன் ரிமோட் காரை மொட்டைமாடியிலிருந்து கீழே போட்டு உடைத்தான். நல்ல காரியம் செய்தான் என்றுதான் நினைத்தேன். கார் போனாலும் உள்ளே இருந்து ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டு மோட்டார்களை இயக்கும் ரேடியோ பிழைத்திருந்தது. அதை ரிமோட், மோட்டார்களோடு அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சிங்கப்பூரிலிருந்து சிநேகிதர் கொண்டுவந்த ரிமோட்டில் ஓடும் பாய்மரப் படகு ஒன்று அண்ணனிடம் இருந்தது. என்னைத் தொடக்கூட விடமாட்டார். அதே மாதிரி ஒன்றைச் செய்து அவரை ஜெயித்தே தீருவது என்று எனக்குள் ஒரு வெறி.

கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து உடல் செய்தேன். கிழிந்த நைலக்ஸ் சேலை பாயானது. அடியில் கனத்துக்குப் பழைய பேட்டரிக் கடை ஈயம். காரை ஓட்டிய மோட்டார் பாயின் நூலை இழுத்தது. படகைத் திருப்பும் சுக்கானை அசைக்க வேண்டிய இன்னொரு மோட்டார் மூன்று வாரம் மக்கர் செய்தது. அதற்காகச் சும்மா இருப்பேனா? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை முடிந்ததும் கண்மாய்க்குப் போய்ப் பாயை மட்டும் வைத்துப் பழகினேன். பாயை இறுக்கினால் படகு காற்றை நோக்கித் திரும்பும், தளர்த்தினால் விலகும். அப்புறம்தான் அந்த மோட்டார் வழிக்கு வந்தது.

"ஆயுத பூஜைக்கு மறுநாள் விட்டுப் பாப்போம்," என்றார் அண்ணன். "நீ தோத்தா ரேடியோவத் திருப்பிக் குடுத்துரணும். மகனுக்கு வேற காரு செய்யணும்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நீயே வச்சுக்க, தாயி," என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ரேடியோ இல்லையென்றால் என் படகு வெறும் கட்டை.

ஆயுத பூஜை அன்று வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது என் வேலை. தையல் மிஷின், அரிவாள்மனை, சைக்கிள், அன்றைக்கு மட்டும் தொடக் கிடைத்த அண்ணன் படகோடு இரண்டு படகுகள். ஒன்றையும் விடவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. அதனால் யாரும் ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

காலையில் வாடிப்பட்டி ரோட்டுக் கண்மாயில் இரண்டையும் இறக்கினோம். நடுவில் நட்ட மூங்கிலைச் சுற்றி வரவேண்டும். அண்ணன் படகு விருட்டென்று முந்தியது. நான் சுக்கானைத் திருப்பினேன், அசையவில்லை. மேலே அதன் தண்டில் நான் வைத்த சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அழவில்லை. சுக்கானை மறந்துவிட்டுப் பாயை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். படகு தடுமாறித் தடுமாறி மூங்கிலைச் சுற்றியது. அண்ணன் ரிமோட்டை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டிருந்தார். அவர் படகோ மூங்கிலைத் தாண்டி நேரே எதிர்க்கரைக் கோரைக்குள் போய்ச் சொருகிக்கொண்டது.

என் படகு கரை சேர்ந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் போய்த் தன் படகைத் தூக்கி வந்தவர், சுக்கான் தண்டைச் சுரண்டிப் பார்த்தார்.

"சந்தனம். நீ வேணுமின்னே வச்சிருக்க."

என் படகைக் கையில் கொடுத்தேன். அதன் சுக்கானையும் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

படகை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அந்தப் பாய இழுத்துத் திருப்புனியே, அத எனக்குக் காட்டு," என்றார்.

"ரேடியோ?"

"ஒன்னோடதுதான்."

காட்டினேன்.